புகை எந்தப் பக்கம் போவுது

ஆம்பியர் எவ்வளோ வெக்கணும், வயரு எந்த வேகத்துல வரணும், இதெல்லாம் நான் சொல்லப்போறதில்ல. அது மெஷின் மூடியிலயே ஒட்டியிருக்கு, கண்ணு இருக்கறவன் படிச்சிக்கலாம். சின்னவரு, அதான் நம்ப கார் ஷெட்டு ஓனரு, புதுசா வந்திருக்கற பசங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்க மேஸ்திரின்னு கூப்பிட்டாரு. ரெண்டு வார்த்தையில முடிக்கற பழக்கம் எனக்கு எப்பவும் கிடையாது. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், அதுக்கு கால் ஆடுது. நான் இங்க வேலையில இருக்கறப்பவே சொன்னேன், இன்னும் ஒருத்தனும் சரி பண்ணல.

எனக்கு கோவம் ஜாஸ்தின்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நெஜந்தான். ஆனா இப்போ வூட்ல ஜாலியா இருக்கேன். காலையில ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டு வரைக்கும் நடக்கறேன், காய் வாங்கறேன், அது சொத்தைன்னு பொண்டாட்டி கிட்ட திட்டு வாங்கறேன். ரிட்டயர் ஆனவனுக்கு இதுக்கு மேல இன்னா வேணும்?

சரி, விசயத்துக்கு வரேன். ப்ளோஹோலு. நீங்க ஐடிஐல போரோசிட்டின்னு படிச்சிருப்பீங்க. வெல்டு வெச்ச எடத்துல ஆப்பத்து மேல இருக்கற மாதிரி ஓட்டை ஓட்டையா வருதே, அது. கம்பி உருகி தகடுல புடிக்கற நேரத்துல வெளிக்காத்து அங்க படக்கூடாது. அதுக்குத்தான் சிலிண்டர்லருந்து கேஸு வந்து சுத்தி நின்னு மூடிக்குது. கேஸு விலகி காத்து பூந்துச்சோ, உருகின இரும்புக்குள்ள குமிழி மாட்டிக்கும்.

நம்ப ஊரு ஆளுங்களுக்கு இதை மண்டையில ஏத்தறதே பெரிய பாடு. ஏன்னா இங்க கேஸுன்னா ஒரு காலத்துல வேற அர்த்தம். தங்கச் சுரங்கத்துல வெடி வெச்ச அப்பால உள்ள நிக்கற புகைக்குத்தான் கேஸுன்னு பேரு. அது அடங்கறதுக்கு முன்ன அந்த ஆழத்து லெவலுக்கு எறங்கிப் போனவன் தானா நடந்து வெளிய வரமாட்டான். காத்துன்னா உசுரு, கேஸுன்னா எமன். அப்பிடி வளந்தவன் கிட்ட போயி, இங்க காத்துதான் எதிரி, கேஸுதான் காவல்னு சொன்னா அவன் மண்டையை ஆட்டுவான், மனசு ஆடாது. இதை கொஞ்சம் ஞாபகத்துல வெச்சிக்கினு மீதியைக் கேளுங்க.

ஒரு கோடைக்காலம். பூதிகோட்டையிலருந்து ஒரு கன்னடக்காரரு, வெவசாயி, காரை எடுத்துக்கினு வந்தாரு. டிராக்டர் ட்ரெய்லரு பக்கவாட்டுல மோதி, கதவுக்குக் கீழ ஓடுதே ரன்னிங் போர்டு, அதுவும் ரெண்டு கதவுக்கும் நடுவுல நிக்கற பில்லரோட அடிப்பாகமும் உள்ள போயிட்டிருந்துச்சி. வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெச்சி வெல்டு பண்ணணும். அவரு பொண்ணு மாசமா இருந்துச்சி, பிரசவத்துக்கு அப்பா வூட்டுக்கு வந்திருந்துச்சி. எப்போ வேணும்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அந்த மனுசன் தினம் போன் பண்ணி, "நம் காடி ஆய்த்தா?"ன்னு வண்டி முடிஞ்சிச்சான்னு கேப்பாரு. கோவமா கேக்கமாட்டாரு, கெஞ்சற மாதிரி கேப்பாரு. அதான் இன்னும் கஷ்டமா இருக்கும்.

வேலையை சேகர் கிட்ட குடுத்திருந்தேன். சேகர்னே வெச்சிக்குவோம், நெஜப் பேரு சொன்னா அவன் என்னை உதைப்பான். வயசு நாப்பது கிட்ட. பெங்களூர்ல பெரிய கம்பெனி பாடி ஷாப்புல வெல்டிங் பண்ணிக்கினு இருந்தவன். நம்ப ஊர்ல பாதிப் பேரு மாதிரிதான், விடியக்கால ரயிலு புடிச்சிப் போயி ராத்திரி ரயிலு புடிச்சி வர்ற பொழப்பு. பொண்ணு தூங்கறப்போ போவான், தூங்கறப்போ வருவான். அந்தக் கொழந்தை சின்னதுல இவனை ஞாயித்துக்கிழமை மாமான்னு கூப்பிட்டுச்சாம். சொல்லிச் சிரிப்பான். சிரிக்கறப்பவே மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். உள்ளூர்ல ஒரு வேலை கெடைச்சா போதும்ணா, சம்பளம் கம்மியா இருந்தாலும் பரவால்லன்னு வந்து சேந்தான். ஸ்கெலட்டன்ல, சுரங்கத்து ஆளுங்க வூட்டு லைன்ல, அம்மா கூட வூடு. மத்தியானம் வூட்டுக்குப் போயி சாப்ட்டுட்டு வருவான். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவன் இங்க இருந்தான்னு வெச்சிக்கோங்க.

வந்து கொஞ்ச நாளுதான் ஆயிருந்துச்சி. அது வரைக்கும் கதவு, ஃபெண்டர்னு ஸ்டாண்டுல மாட்டி நின்னுக்கினு செய்யற வேலைதான் குடுத்திருந்தேன். எல்லாம் ஜோரா இருந்துச்சி. இந்த வண்டிதான் மொதல் பெரிய வேலை. வெச்ச வெல்டை கிரைண்டர்ல தேச்சிப் பாத்தா, ஐயோ, முழுக்க ஓட்டை.

மேடு பள்ளம் தெரியாம பட்டி பூசறவன் ஒருத்தன் எட்டிப் பாத்துட்டு, "இதுக்குப் போயி ஏன்ணா மண்டையைப் பிச்சிக்கறே? பட்டி இழுத்து பெயிண்ட் அடிச்சா கடவுளுக்கே தெரியாது"ன்னான்.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சி. கடவுளுக்குத் தெரியாதுடா, தண்ணிக்குத் தெரியும்னேன். மழைத்தண்ணி அந்த ஓட்டை வழியா உள்ள போயி ரெண்டே வருசத்துல துரு தின்னுடும். அதாவது பரவால்ல. அந்தப் பில்லர் பக்கத்துல உக்காரப்போறது ஒரு புள்ளத்தாச்சி. இன்னொரு தரம் பக்கவாட்டுல மோதினா அந்தப் பில்லருதான் அவளுக்கும் வெளியில இருக்கறதுக்கும் நடுவுல நிக்கும். அதுல பட்டி வெச்சி மூடறவன் கையை ஒடைக்கணும்னேன். அவன் மூணு நாளு என் கிட்ட பேசல. நல்லதாப் போச்சி.

அப்பால ஆரம்பிச்சிச்சி தேடல். சிலிண்டர்ல கேஸு இருக்குதா, இருக்கு. ஹோஸு பூரா சோப்புத்தண்ணி தடவிப் பாத்தோம், எங்கயும் குமிழி இல்ல. கேஸு வர்ற நாசில்ல வெல்டு தெறிச்ச பொரி அடைச்சிக்கினு இருக்குதா, கழட்டி சுத்தம் பண்ணோம். வயரு துருவா, புது சுருளு மாட்டினோம். பழைய பெயிண்டு, துத்தநாகப் பூச்சு, பின்பக்கம் இருக்கற மெழுகு, எல்லாத்தையும் பளபளன்னு தேச்சி எடுத்தோம். இவ்வளோ பண்ணியும் சேகர் உள்ள குனிஞ்சி வெல்டு வெச்சா ஓட்டை. கேஸை ஏத்தி வெச்சிப் பாத்தான், இன்னும் மோசமாப் போச்சி. அது போவும். ரொம்ப ஏத்தினா கேஸே சுழட்டிக்கினு வெளிக்காத்தை உள்ள இழுத்துக்கும்.

கடைசியில நான் ஹெல்மெட்டை மாட்டிக்கினு, அதே மெஷின், அதே எடத்துல கொஞ்சம் வெச்சேன். தேச்சிப் பாத்தா கண்ணாடி மாதிரி இருந்துச்சி. ஒரு புள்ளி கிடையாது.

செஞ்ச அப்பாலதான் தெரிஞ்சிது, நான் செஞ்சிருக்கவே கூடாது. ஷெட்டுல இருந்தவங்க எல்லாரும் சேகரைப் பாத்தாங்க. மெஷின் மேல தப்பு இல்லன்னா ஆளு மேல தப்பு. வேற இன்னா நெனைப்பாங்க?

சின்னவரு நல்ல மனுசன்தான், ஆனா கடைக்காரக் குடும்பத்துப் புள்ள. பஜார்ல அவங்க தாத்தா காலத்துலருந்து சரக்கு சரியில்லன்னா திருப்பி அனுப்பித்தான் பழக்கம். என்னை ஆபீஸ் ரூமுக்கு கூப்பிட்டு, பூதிகோட்டைக்காரரு வண்டி எடுக்க வர்றதுக்குள்ள சேகரு கையில சுத்தமா ஒரு வெல்டு வரலன்னா கணக்கு முடிச்சி அனுப்பிடுங்க மேஸ்திரின்னுட்டாரு. இது சேகர் காதுக்கும் போச்சி. அவன் நேரா போயி பெஞ்சு மேல ரெண்டு துண்டுத் தகடு வெச்சி வெல்டு பண்ணான். எடுத்துக்கினு வந்து என் கையில வெச்சான். அருமையா இருந்துச்சி. என்னுதை விட நல்லா இருந்துச்சி, அதையும் சொல்லிடறேன்.

அன்னிக்கி மத்தியானம் அவன் சாப்பிடப் போனப்போ நான் அந்தத் துண்டையே பாத்துக்கினு இருந்தேன். பெஞ்சு மேல வந்தா நல்லா வருது. வண்டிக்குள்ள வந்தா ஓட்டை வருது. கை ஒன்னுதானே? கையில கோளாறு இருந்தா ரெண்டு எடத்துலயும் இருக்கணும். அப்போ கையில இல்ல. மெஷின்லயும் இல்ல, நான் வெச்சா வருது. அவனுக்கும் அந்த வண்டிக்கும் நடுவுலதான் என்னமோ இருக்கு.

இங்கதான் நீங்க காதைத் தீட்டிக்கணும். கோளாறு வந்தா நம்ப எல்லாரும் ஓட்டையைத்தான் முறைச்சிப் பாக்கறோம். ஓட்டை ஆறிப்போன சமாச்சாரம். அது வர்ற நேரத்துல பக்கத்துல இன்னா நடக்குதுன்னு பாக்கணும்.

அவன் திரும்பி வந்ததும் வண்டிக்குள்ள அனுப்பினேன். நான் எதிர்ப்பக்கத்துக் கதவு வழியா பூந்து, ஹெல்மெட்டைப் போட்டுக்கினு அவனுக்கு நேரா உக்காந்தேன். வெல்டை ஆரம்பின்னேன். நான் வெல்டைப் பாக்கல, புகையைப் பாத்தேன். வெல்டிங் புகை எப்பவும் நேரா மேல ஏறும், சூடு அப்பிடி. இவன் கிட்ட மேல ஏற வேண்டிய புகை, அவன் தாடை கிட்ட போயி அடி வாங்கின மாதிரி திரும்பி, கீழ வெல்டு மேலயே ஓடுது. ஷட்டர் எல்லாம் சாத்தியிருக்கு. வெளியில ஒரு எலை ஆடல. காத்து எங்கிருந்து வருது?

"சேகரு, நிறுத்து. ஹெல்மெட்டைத் தூக்கு"ன்னேன்.

"வேணாம்ணா"ன்னான்.

எனக்கு பொறுமை எங்க இருக்கு? எட்டி நானே தூக்கிட்டேன். தோல் காலருக்குள்ள, கழுத்தைச் சுத்தி மாட்டற சின்ன ஃபேன் இருக்குதே, பேட்டரில ஓடறது, காலேஜ் பொண்ணுங்க பஸ் ஸ்டாண்டுல மாட்டிக்கினு நிக்குமே, அது. ரோஸ் கலரு. மேல முயல் ஸ்டிக்கரு. கை ரெண்டும் தேக்குக் கட்டை மாதிரி இருக்கற ஆளு கழுத்துல ரோஸ் கலரு முயலு. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மத்தவங்க அடக்கவே இல்ல.

நின்னுக்கினு வேலை செய்யறப்போ மூஞ்சி தூரமா இருக்கு, ஒன்னும் ஆகல. ரன்னிங் போர்டுக்கு குனிஞ்சி தலையை உள்ள விட்டா, ஃபேன் காத்து ஹெல்மெட்டு உள்பக்கம் மோதி, தாடைக்குக் கீழ வழிஞ்சி, நேரா வெல்டு மேல எறங்குது. கேஸைத் தள்ளி வுட்டுடுது. கிண்டல் பண்ணுவாங்கன்னு ஒளிச்சி வெச்சிருந்தான். இதனாலன்னு அவனுக்கே தெரியல. கழட்டிட்டு வெச்சான், சுத்தமா வந்துச்சி. நான் தோள்ல ஒரு தட்டு தட்டி, போடா, வேலை பொழைச்சிச்சின்னேன்.

அவன் மூஞ்சியில சந்தோஷமே இல்ல. எல்லாரும் நகந்த அப்பால மெதுவா சொன்னான்: "இதைக் கழட்டிட்டு என்னால செய்ய முடியாதுணா. அம்மாவுக்கு சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னிக்கி கழட்டினதையே போயி சொல்லணும்."

அவங்கப்பா சுரங்கத்துல வேலை செஞ்சி நெஞ்சுல தூசி ஏறி செத்தவரு. அதை நம்ப ஊர்ல டஸ்டுன்னே சொல்லுவோம், விளக்கம் வேணாம், எல்லா லைன்லயும் நாலு வூட்ல அந்தக் கதை இருக்கு. எங்கப்பாவும் அப்பிடித்தான் போனாரு. பெங்களூரு கம்பெனியில புகையை இழுக்கற பெரிய மெஷின் எல்லாம் இருந்துச்சாம், அதனால அந்தம்மா பேசாம இருந்தாங்க. இங்க ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சதும், புகை மூஞ்சி கிட்ட வராம பாத்துக்கறதா இருந்தா போ, இல்லன்னா அந்த ரயிலே மேலுன்னு சொல்லி, தானே பஜாருக்குப் போயி அந்த ஃபேனை வாங்கிக்கினு வந்திருக்காங்க. பேத்தி முயலு ஒட்டியிருக்கு.

அம்மாவுக்குத் தெரியாம கழட்டி வெச்சிக்கோடான்னு சொல்லலாம். வாய் வரைக்கும் வந்துச்சி. ஆனா அவன் மூஞ்சியைப் பாத்தா, பொய் சொல்லி இங்க இருக்கறதை விட ராத்திரி ரயில்லயே தூங்கிக்கினு வரலாம்னு முடிவு பண்ணிட்டவன் மாதிரி இருந்துச்சி. சாயங்காலம் நான் வரேன், அம்மா கிட்ட நான் பேசறேன்னு சொன்னேன். ஓட்டை விழுந்த வெல்டுத் துண்டு ஒன்னும், நல்லது ஒன்னும் பையில போட்டுக்கினு ஸ்கெலட்டனுக்குப் போனேன்.

அந்தம்மா எனக்கு அக்கா மாதிரி வயசு. வா தம்பின்னு உக்கார வெச்சி டீ குடுத்தாங்க. பேத்தி ஒரு மூலையில ஹோம் ஒர்க் எழுதிக்கினு, அப்பா முதுகுல சாஞ்சிக்கினு இருந்துச்சி. நான் ரெண்டு துண்டையும் எடுத்து வெச்சி, இது ஃபேன் போட்டு செஞ்சது, இது போடாம செஞ்சதுன்னு விளக்கினேன். அவங்க ஓட்டை இருந்ததை மட்டும் கையில எடுத்து வெளக்கு வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாத்தாங்க.

"இவங்கப்பா நெஞ்சை படம் புடிச்சி டாக்டரு காட்டினாரு. அதுவும் இப்பிடித்தான் தம்பி இருந்துச்சி. புள்ளி புள்ளியா."

நான் டீ கிளாஸை கீழ வெச்சேன். கம்பியும் கேஸும் பேசப் போனவன் நான். அவங்க ஒன்னும் தப்பா சொல்லல. அவங்களுக்குத் தெரிஞ்ச ஓட்டை வேற, எனக்குத் தெரிஞ்ச ஓட்டை வேற. ரெண்டுமே நெஜம்.

அப்போ ஒரு காரியம் பண்ணேன். பசங்களா, இது சரியா தப்பான்னு அந்த நிமிசம் எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லிட்டேன். அக்கா, இந்த ஃபேன் புகையை எடுக்கல. ஹெல்மெட்டுக்குள்ள சுத்தி வுடுது, அவ்வளோதான். மூஞ்சிக்கு ஜில்லுன்னு இருக்கறதால புகை வரலன்னு அவன் நெனைச்சிக்கினு இருக்கான்னேன்.

அப்போ இத்தினி நாளா எம்புள்ள புகையைத் தின்னுக்கினு இருந்தானான்னு கேட்டாங்க. ஆமாம்னுதான் சொல்லணும், வேற வழி? நாளையிலருந்து அவன் அங்க வரமாட்டான்னுட்டாங்க. சேகர் தலையைக் குனிஞ்சிக்கினான். பேத்தி எழுதறதை நிறுத்திட்டு அப்பாவையே பாத்துச்சி. வேலையைக் காப்பாத்தப் போன நான், வேலைக்கு உலை வெச்சிட்டு உக்காந்திருந்தேன்.

எழுந்திருக்கறதுக்கு முன்ன ஒன்னு மட்டும் கேட்டேன். எனக்கு நாளைக்கு ஒரு நாளு குடுங்க, நாளன்னிக்கி காலையில நீங்களே ஷெட்டுக்கு வாங்க, உங்க கண்ணால பாருங்க. அவன் மூக்குக்கு புகை போனா நீங்களே கையைப் புடிச்சி இஸ்துக்கினு போயிடுங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அவங்க வரேன்னாங்க.

வழியெல்லாம் மண்டையில இதுதான் ஓடுச்சி. காத்தை மூஞ்சி பக்கத்துலருந்து தள்ளினா கேஸு கலையுது. அந்தப் பக்கத்துலருந்து மெதுவா இழுத்தா? நம்ப பெயிண்ட் அடிக்கற பூத்துல, காத்தை வெளிய இழுக்கற எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கு. அதுலருந்து ஒரு மடங்கற குழாயை இஸ்து வண்டிக்குள்ள விடலாம். காலையிலயே அதைப் பண்ணோம், நானும் சேகரும். மொத தரம் குழாயை ரொம்ப கிட்ட வெச்சிட்டோம், அது புகையோட கேஸையும் சேத்து உறிஞ்சி, திரும்பி அதே ஓட்டை. தள்ளி வெச்சா புகை குழாய்க்குப் போகாம அங்கயே நிக்குது. எங்க வெக்கறதுன்னு எப்பிடிக் கண்டுபுடிக்கறது? சின்னவரு சாமி படத்துக்கு ஏத்தி வெச்சிருந்தாரு ஊதுபத்தி, அதுல ஒன்னை எடுத்துக்கினு வந்தேன். வெல்டு வெக்கற எடத்துல அதைப் புடிச்சோம். அடியில புகை நேரா ஏறணும், ஒரு சாண் மேல போன அப்பாலதான் குழாய் பக்கம் சாயணும். அப்பிடி ஒரு எடம் வந்துச்சி. சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சோம். சாமி ஊதுபத்தியை எடுத்ததுக்கு சின்னவரு ஒரு பாட்டம் கத்தினாரு, அது வேற.

ஹெல்மெட்டுக்குள்ள போடற, புகையை வடிகட்டற மாஸ்க்கு ஒன்னும் வேணும்னேன். சின்னவரு கொஞ்சம் இழுத்தாரு, அப்பால பங்காரப்பேட்டைக்கு ஆளை அனுப்பி வாங்கிக் குடுத்தாரு. ஒன்னு போதுமில்லன்னு கேட்டாரு. போதும் சார்னேன்.

சொன்ன மாதிரி மறுநாளு காலையில அந்தம்மா ஆட்டோவுல வந்து எறங்கினாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி நல்ல பொடவை கட்டிக்கினு, கையில ஒரு பை. சின்னவரு எழுந்து வணக்கம் வெச்சாரு, அந்தம்மா மூஞ்சியில இருந்த களை அப்பிடி. சேகர் மாஸ்க்கைப் போட்டுக்கினு வண்டிக்குள்ள பூந்தான். அந்தம்மாவுக்கு ஒரு ஹெல்மெட்டு குடுத்து, என் கூட எதிர்ப்பக்கம் உக்கார வெச்சேன். வெளிச்சத்தை வெறும் கண்ணால பாக்காதீங்கக்கான்னு மட்டும் சொன்னேன், வேற ஒன்னும் சொல்லல.

அவங்களும் வெல்டைப் பாக்கல. புகை போற வழியைத்தான் பாத்தாங்க. வெல்டுலருந்து ஏறி, ஒரு சாண் மேல போயி, அப்பிடியே சாஞ்சி குழாய்க்குள்ள போவுது. மகன் மூஞ்சி பக்கம் எட்டிக்கூட பாக்கல. சேகர் அந்த ஓரம் பூரா முடிச்சி, கிரைண்டர் ஓட்டி, துணியில தொடைச்சான். சின்னவரு செல்போன் லைட்டைப் போட்டுக்கினு மூக்கு இடிக்கற தூரத்துல குனிஞ்சி பாத்தாரு. ஒரு புள்ளி இல்ல. நிமிந்து, சேகரைப் பாத்து சிரிச்சாரு. கணக்கு முடிக்கற பேச்சு அத்தோட போச்சி.

அந்தம்மா ஹெல்மெட்டைக் கழட்டி என் கிட்ட குடுத்தாங்க. சுத்தி ஒரு பார்வை பாத்தாங்க. பட்டி தேய்க்கறவன் மூக்குல கைக்குட்டை கட்டிக்கினு தூசிக்குள்ள நிக்கறான். இன்னொருத்தன் அது கூட இல்லாம கிரைண்டர் புடிச்சிக்கினு இருக்கான். அப்பால என்னைப் பாத்தாங்க.

"இவங்களுக்கெல்லாம் மாஸ்க்கு எங்க?"ன்னு சின்னவரைக் கேட்டாங்க.

அவரு, இல்லம்மா, உங்க பையனுக்குத்தான் பிரச்சினை இருந்துச்சின்னு ஆரம்பிச்சாரு. அவங்க அவரை முடிக்க வுடல.

"இவங்களைப் பெத்தவங்க கேக்க வரலன்னு இப்பிடியே வுட்டு வெச்சிருக்கியா?"

கிரைண்டர் புடிச்சிருந்தவன் அதை நிறுத்திட்டு எங்க பக்கம் திரும்பினான். எனக்கு இதெல்லாம் பழகிப்போச்சிக்கா, எங்கம்மா போயி ரொம்ப வருசம் ஆச்சி, என்னைக் கேக்கறதுக்கு யாரு இருக்காங்கன்னு நான் சும்மா தமாஷா சொன்னேன். அவங்க சிரிக்கல.

"நான் கேக்கறேன்னு வெச்சிக்கோ தம்பி"ன்னாங்க.

நான் போயி சிலிண்டர் ரெகுலேட்டரை கொஞ்ச நேரம் திருகிக்கினு நின்னேன். திருகறதுக்கு அதுல ஒன்னும் இல்ல. எங்கப்பா கடைசி மாசமெல்லாம் படுக்க முடியாம உக்காந்தே தூங்கினவரு. நான் வெல்டிங் வேலைக்குப் போறேன்னு சொன்னப்போ எங்கம்மா ஒன்னும் சொல்லல, சோத்துக்கு வேற வழி இல்ல. கேக்கணும்னு இருந்திருக்கும். இத்தினி வருசம் கழிச்சி வேற ஒரு அம்மா வந்து கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சி, இன்னாத்துக்கு மறைக்கணும்.

அந்தம்மா வூட்டுக்குப் போகல. எல்லாருக்கும் மாஸ்க்கு வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன்னு, கால் ஆடாத ஸ்டூலாப் பாத்து உக்காந்துக்கினாங்க. பையைத் தொறந்தா மகனுக்கு சாப்பாடு. சின்னவரு தானே கார் எடுத்துக்கினு பங்காரப்பேட்டைக்குப் போனாரு. பூதிகோட்டைக்காரரு சாயங்காலம் வந்து வண்டியை எடுத்துக்கினு போனாரு, அந்தப் பொண்ணுக்கு அப்பால ஆம்பளப் புள்ள பொறந்துச்சி, ஸ்வீட்டு வந்துச்சி. சேகர் இன்னும் இங்கத்தான் இருக்கான். யாருன்னு கேக்காதீங்க, தோ அந்த வண்டிக்குப் பின்னால நின்னுக்கினு காது கேக்காத மாதிரி நடிக்கறான்.

சின்னவரு ஒரு பெட்டி நெறைய மாஸ்க்கு கொண்டு வந்து வெச்சப்போ, எல்லாரும் சின்னப் பசங்க மாதிரி வரிசையில நின்னோம். நான் கடைசியில நின்னேன். அந்தம்மா என்னைத்தான் மொதல்ல கூப்பிட்டாங்க. கண்ணாடியைக் கழட்டச் சொல்லி, மாஸ்க்கை மூஞ்சியில வெச்சி, பின்னால பட்டையை இழுத்து மாட்டினாங்க. மூச்சு வுட்டுப் பாரு தம்பி, எங்கயாவது காத்து பூருதான்னு கேட்டாங்க. இல்லக்கான்னேன். நல்லாப் பாத்து சொல்லுன்னு, இன்னும் ஒரு தரம் இழுத்து இறுக்கினாங்க.